ஆறு சந்தைகளும் ஒரு செல்லோ உறையும்

மார்ச் 4, செவ்வாய்

முழங்கால் வலி இல்லை. நல்ல செய்தி இன்றைக்கு அது ஒன்றுதான்.

முன்பு என் படிப்பறையாக இருந்து இப்போது மனைவியின் தையலறையாகிவிட்ட அறையில் காலையிலிருந்து இயந்திரச் சத்தம் மட்டும்தான். பதினான்கு வருடமாக இசைக்கருவிகளுக்கு உறை தைக்கிறாள். வயலின், கிதார், செல்லோ, எதுவானாலும் அளவெடுத்து, பஞ்சு வைத்து, பிள்ளைக்குச் சட்டை தைப்பதுபோலத் தைப்பாள். அந்த உறைகளை மொத்தமாக வாங்கிவந்த கடைக்காரர் ஜூலையோடு நிறுத்திக்கொள்கிறாராம். தொழிற்சாலை உறை பாதி விலைக்கு வருகிறதாம்.

உதவிக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி வாயே திறக்கமாட்டாள். இன்னொருத்தி ஓயாமல் பேசுவதால் ‘ரேடியோ’. இன்று மதியம்வரை அவளும் பேசவில்லை.

“ரேடியோவே நின்னுபோச்சுங்க. இவங்க ரெண்டு பேரையும் நான் எப்படி வீட்டுக்குப் போகச் சொல்லுவேன்?” என்றாள் மனைவி.

மார்ச் 6, வியாழன்

செய்தித்தாளில் தொழில் துறையின் அறிவிப்பு. வெளிநாட்டில் விற்க விரும்பும் சிறுதொழில்களுக்குக் கண்காட்சிக் கடை, பயணம், அந்நாட்டு மொழியில் அச்சடிப்பு எல்லாவற்றிலும் பாதிச் செலவை அரசு ஏற்குமாம். வெட்டி எடுத்துப் போய்க் காட்டினேன். புரியட்டுமென்று உதாரணமும் சொன்னேன்: சைக்கிள் பழகும்போது ஒருவர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொள்வார் அல்லவா, அதுபோல. மிதிப்பது நாம்தான்.

“பாதியில கையை விட்டுட்டா?”

“அதுக்குள்ள பழகியிருப்ப.”

“எனக்குச் சைக்கிள் கத்துக்குடுத்தது நீங்கதானே. பழகினேனா?”

பழகவில்லை. என்மேல்தான் விழுந்தாள். இருவரும் சிரித்தோம். இந்த வாரத்தின் முதல் சிரிப்பு.

மார்ச் 15, சனி

விண்ணப்பம் பதினோரு பக்கம். நான்காம் பகுதியில் ஆறு நாடுகள், ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம். “நம்ம செல்லோ வாத்தியாரோட மழை ஊரை மட்டும் எழுதுங்க, போதும்” என்றாள். நான் கேட்பேனா? எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதே, தெரிந்ததை எழுது, அரை மதிப்பெண்ணாவது கிடைக்கும் என்று முப்பத்துநான்கு வருடம் வகுப்பில் சொன்னவன் அல்லவா? ஆறையும் நிரப்பினேன். மக்கள்தொகை, தட்பவெப்பம், இசைப்பள்ளிகள், ஒன்றும் விடவில்லை.

வேலைக்கு நடுவில் வந்து படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். “நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

மார்ச் 17, திங்கள்

விண்ணப்பத்தைக் கொடுத்தாயிற்று. நூற்றுக்கு நூறு.

ஏப்ரல் 3, வியாழன்

திரும்பி வந்துவிட்டது.

‘ஒரு சந்தையை மட்டும் தேர்ந்தெடுக்கவும் என்று பக்கத்தின் தலைப்பிலேயே உள்ளது. ஆறும் நிரப்பப்பட்டுள்ளன. விண்ணப்பதாரருக்குத் திட்டவட்டமான நோக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. திருத்தி 11ஆம் தேதிக்குள் தரலாம்.’

எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது, தடித்த எழுத்தில். கேள்வியை இரண்டு முறை படி என்று எத்தனை பிள்ளைகளின் தலையில் குட்டியிருப்பேன்!

“தபால்ல ஏதாவது வந்துச்சா?” என்றாள். மின்கட்டண ரசீது என்றேன். கடிதம் அகராதிக்குள் இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு வேலை.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். பாதி தைத்த உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே — அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏன்டா உனக்கு இந்த வேலை? அவள்தான் ஒன்று போதும் என்றாளே, கேட்டால் என்ன குறைந்துபோயிருக்கும்?

உறையை ஓரமாக வைத்துவிட்டு, “ஆறு ஊருக்கும் நான் ஒருத்தி எப்படிங்க போவேன்?” என்றாள். பிறகு, “பேனாவை இப்படிக் குடுங்க.”

நாலே வரி எழுதினாள். விஷயம் இதுதான்: வெளிநாட்டிலிருந்து இங்கே ஒரு வருடம் சொல்லித்தர வந்த செல்லோ ஆசிரியருக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். ஜிப்பின்மேல் மடிப்பு வைத்து, தையலை உள்பக்கம் திருப்பி. அவர் ஊரில் வருடத்தில் பாதி நாள் மழை. தினமும் செல்லோவை முதுகில் சுமந்து நடந்தே வேலைக்குப் போகிறார். மூன்று வருடமாக உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை, எங்கே கிடைக்கும் என்று கூட இருப்பவர்கள் கேட்கிறார்கள் என்று அவளுக்கு எழுதியிருக்கிறார்.

“இதெல்லாம் எனக்குத் தெரியாதே!”

“நீங்க எங்க கேட்டீங்க? ஊர் ஊரா மக்கள்தொகையில்ல தேடிட்டிருந்தீங்க.”

ஏப்ரல் 9, புதன்

திருத்திய விண்ணப்பத்தோடு பழையதையும் சேர்த்து நேரில் கொடுக்க அவளே போனாள். நான் துணைக்கு. அறைக்கு வெளியே பெஞ்சில், தண்டனை பெற்ற பையனைப்போல உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது.

அலுவலர் அம்மாள் நாலு வரியையும் படித்துவிட்டு, “தண்ணி இறங்காதுன்னு எப்படி நம்புறது?” என்று கேட்டார். மனைவி கொண்டுபோன வயலின் உறையை மேசைமேல் வைத்தாள். “ஏதாவது ஒரு ஃபைலை உள்ள வைங்கம்மா. ஒரு ஜக் தண்ணி குடுங்க.”

அந்த அம்மாள் மேசையைச் சுற்றிலும் பார்த்தார். நனைந்தாலும் பரவாயில்லாத ஃபைலாகத் தேடினார்போலும். கடைசியில் எடுத்து வைத்தது என் ஆறு சந்தை விண்ணப்பத்தை.

முழு ஜக்கையும் ஊற்றினாள். மேசையெல்லாம் வெள்ளம். பியூன் துணியோடு ஓடிவந்தார். உறையைத் திறந்தால் தாள்கள் மொடமொடவென்று இருந்தன.

“உங்க வீட்டுக்காரர் எழுதினதுக்கு ஒண்ணும் ஆகலம்மா” என்றார் அலுவலர், வெளியே என்னைப் பார்த்துக்கொண்டே. பெஞ்சுக்கு அடியில் ஒளிய இடமில்லை.

மே 22, வியாழன்

கிடைத்துவிட்டது! ரேடியோ காலையிலிருந்து நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ஒருவருக்குத்தான் பயணச் செலவு. தனியாகவே போயிருக்கிறாள். நான் வீட்டில் பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் கூப்பிட்டாள். கண்காட்சியில் முதல் நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லையாம். இரண்டாம் நாள் செல்லோ ஆசிரியர் நனைந்துகொண்டே வந்தாராம். கடைக்கு முன்னால் நின்று பழைய உறையைத் திறந்து, சொட்டு ஈரமில்லாத செல்லோவைக் காட்டினாராம். கூட்டம் கூடிவிட்டதாம்.

“விழலங்க” என்றாள்.

சைக்கிளைச் சொல்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

நவம்பர் 20, வியாழன்

மூன்றாவதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். சாப்பாட்டு மேசை அவளுக்குப் போய்விட்டது. மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன்.

தொழில் துறையிலிருந்து அறிக்கைப் படிவம் வந்தது. விற்ற விவரத்தை மனைவி சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ‘பிற சந்தைகள் (இருந்தால் மட்டும்)’ என்று அரைப் பக்கம் காலியாக இருந்தது. தலைப்பை இரண்டு முறை படித்தேன். கை அரித்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கையெழுத்துப் போட வந்தவள் இந்த முறை ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். அந்தக் காலி அரைப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். பிறகு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“ஏங்க, உடம்புக்கு ஏதாவதா?”