கோப்பு எண் 417: கையைப் பின்னால் கட்டிக்கொண்ட பிள்ளைக்கு மறு மதிப்பீடு கோருதல்

அனுப்புநர்:
கோப்பு எண் 417-இல் கண்ட சிறுமியின் தாய்,
வீட்டு வேலை செய்பவர்,
தண்ணீர்த் தொட்டித் தெரு, மாடி அறை.

பெறுநர்:
மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்,
முதல் மாடி.

பொருள்: எட்டு வயது மகளின் உளவியல் மதிப்பீடு தவறாக அமைந்தது – இம்மாதம் 22-ஆம் தேதிக்குள் மறு மதிப்பீடு செய்ய உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. அரசு மருத்துவமனையின் மதிப்பீட்டு அறிக்கை.
2. பள்ளித் தலைமையாசிரியையின் கடிதம்.
3. நான் வேலை செய்யும் மூன்றாம் வீட்டு அம்மா எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதம்.

மரியாதைக்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம்தான் முதலில் போனேன். அவர் என் மகளை "அதிபுத்திசாலி" என்று ஒரு வரி எழுதிவிட்டு, மீதியை நான் சொல்ல ஆரம்பித்ததும், "அழுகையெல்லாம் மனுவுல வேணாம்மா, அதிகாரி படிக்க மாட்டாரு" என்றார். என் மகள் அதிபுத்திசாலி இல்லை. எனவே அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் மட்டும் மூடி வைத்துவிடாதீர்கள்.

1. என் மகளுக்குப் பேச்சு தாமதமாக வந்தது. இப்போதும் ஐம்பது, அறுபது சொற்கள்தான். ஆறு வரை எண்ணுவாள், பிறகு ஒன்பதுக்குத் தாவிவிடுவாள். சட்டைப் பொத்தான் போட வராது. இவற்றில் எதையும் நான் மறைக்கவில்லை. வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு சிறப்பு ஆசிரியை கிடைப்பார், அதற்கு மதிப்பீட்டுச் சான்று வேண்டும் என்று பள்ளியில் சொன்னதால், நானே விண்ணப்பம் வாங்கி, நானே நிரப்பி, நானே கூட்டிக்கொண்டு போனேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான்.

2. சென்ற மாதம் 9-ஆம் தேதி காலை ஏழு மணி முதல் மருத்துவமனையில் காத்திருந்தோம். பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளையை மட்டும் உள்ளே விட்டு, "அம்மா வெளிய இருங்க" என்றார்கள். கதவில் ஒரு சாண் அகலக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே பார்த்தேன். மேசையில் வண்ணக் கட்டைகள், படங்கள், ஒரு சின்னப் பொம்மை. உளவியலாளர் ஒவ்வொன்றாக அவள் பக்கம் தள்ளினார். என் மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றாள். கால் மணி நேரமும் அப்படியே நின்றாள். அதைப் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா ஐயா? பக்கத்தில் இருந்த ஒரு தாயிடம், "பாருங்க, எவ்வளவு அடக்கமா நிக்கிறா" என்று பெருமை பேசினேன்.

3. அந்தப் பெருமைக்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் ஐந்து வீடுகளில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் லாரியில் வெளியூர் போகிறவர், மாதம் இரண்டு முறை வருவார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. எனவே நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் என்னுடனேதான் வேலைக்கு வருகிறாள். பள்ளி நாட்களிலும் காலை இரண்டு வீடு முடித்துவிட்டுத்தான் வகுப்பு. அவளுக்கு நான்கு வயதானபோது, இரண்டாம் வீட்டில் அலமாரியில் இருந்த கண்ணாடிப் பறவை ஒன்றை எடுத்துப் பார்த்தாள். விழுந்து உடைந்தது. அந்த வீட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பயந்துபோய் என் மகளின் கையில் இரண்டு அடி வைத்தேன். "அடுத்தவங்க பொருளத் தொடுவியா? அவங்களே குடுத்தாலும் வேணாம்னு சொல்லணும். கையப் பின்னாடி கட்டு" என்றேன். அன்றிலிருந்து எந்த வீட்டுப் படியேறினாலும் அவள் கை தானாகப் பின்னால் போய்விடும். நாலு பேர் அவளைக் காட்டி, "வளர்த்தா இப்படி வளர்க்கணும்" என்று என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

4. அறிக்கை கைக்கு வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி படித்தேன். "பொருள்களில் ஆர்வம் இல்லை. கட்டளைகளைப் பின்பற்றவில்லை. கைகளைப் பின்னால் வைத்துக்கொள்ளும் நோக்கமற்ற பழக்கம் உள்ளது. கடுமையான அறிவுசார் குறைபாடு" என்று எழுதியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். அவள் என் கட்டளையைத்தான் பின்பற்றினாள். நான் வைத்த இரண்டு அடி நான்கு வருடம் கழித்து மதிப்பெண்ணாக வந்திருக்கிறது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுடட்டும், ஆனால் என்னை அல்லவா சுட வேண்டும்?

5. பள்ளித் தலைமையாசிரியை நல்லவர்தான். ஆனால் அறிக்கையைப் பார்த்ததும், "நான் என்னம்மா பண்ணட்டும், இந்தச் சான்றோட இங்க வச்சுக்க எனக்கு அனுமதி இல்ல" என்று கையை விரித்துவிட்டார். பெயரை நீக்கிக் கடிதம் கொடுத்தார். ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள காப்பகத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கியிருப்பதாகவும், 22-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு வண்டி வரும் என்றும் அதில் உள்ளது. மாதம் ஒரு ஞாயிறு பார்க்கலாமாம். அனுப்ப மறுத்தால் பள்ளியும் இல்லை, காப்பகமும் இல்லை. பிறகு ஆயுள் முழுக்க அவள் அடுத்தவர் வீட்டு மூலைகளில் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

6. மறு மதிப்பீடு கேட்டு இந்த அலுவலகத்துக்கு நான் வருவது இது நான்காம் முறை. முதல் முறை தாங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள். இரண்டாம் முறை புகைப்படம் இல்லை என்றார்கள். மூன்றாம் முறை புகைப்படத்துடன் வந்தேன். எழுத்தர், "மூணு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி பாக்க முடியும், விதி அப்படி" என்று சொல்லிவிட்டார். மூன்று வருடத்தில் அவளுக்கு என் முகமே மறந்துவிடாதா என்று கேட்டேன். அவர் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

7. உளவியலாளரைக் குறை சொல்ல இம்மனுவை எழுதவில்லை. அவர் வண்டி எடுக்கும் இடத்தில் காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நின்று கேட்டார். "ஒரு நாளைக்கு இருபத்தெட்டுப் பிள்ளைங்கம்மா. நீங்க சொல்றது சரியா இருக்கலாம். இதை அன்னைக்கே யாரும் என்கிட்ட சொல்லலையே. இப்ப நானா திருத்த முடியாது, மேல இருந்து ஒரு வரி வந்தா நாளைக்கே பாக்குறேன்" என்றார். அந்த ஒரு வரி தங்கள் பேனாவில் இருக்கிறது. அதற்காகத்தான் நான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

8. என் மகளுக்கு என்ன தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். ஐந்து வீட்டுச் சாவியும் என்னிடம் ஒரே வளையத்தில் இருக்கின்றன. அடையாளம் எதுவும் கட்டவில்லை. இரண்டு சாவிகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், எனக்கே குழப்பம் வரும். சாவிக்கொத்து என்னுடையது என்பதால் அதை மட்டும் அவள் தொடுவாள். ஒவ்வொரு கதவு முன்னாலும் சரியான சாவியைப் பிரித்து நீட்டுவாள். இதுவரை ஒருமுறையும் தவறியதில்லை. மூன்றாம் வீட்டில் பூட்டை மாற்றிப் புதுச் சாவி கொடுத்தார்கள். மறுநாள் காலை புதுச் சாவியை நீட்டினாள், பழைய சாவியைக் காட்டி "வேணாம்" என்றாள். அந்த வீட்டு அம்மா கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர்தான் அவளுக்குச் "சாவிக்காரி" என்று பெயர் வைத்தார். அவர் கண்ணால் கண்டதைக் கடிதமாக இணைத்துள்ளேன். அவளுக்குக் குறையே இல்லை என்று எழுதச் சொல்லவில்லை ஐயா. இருக்கிற குறையை எழுதுங்கள், என் குறையை அவள் பெயரில் எழுதாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

9. எனவே 22-ஆம் தேதிக்கு முன் ஏதேனும் ஒரு நாள், ஒரு மணி நேரம், அவளுக்கு மறு மதிப்பீடு செய்ய உத்தரவிடுமாறும், அப்போது என்னை அறைக்குள் அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். நான் விடை சொல்லித்தர மாட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். ஆரம்பிக்கும் முன் அவள் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, "தொடலாம்மா" என்று ஒரே ஒருமுறை சொல்ல விடுங்கள். நான் போட்ட கட்டை நான்தான் அவிழ்க்க முடியும். வேறு யார் சொன்னாலும் அவள் கேட்க மாட்டாள். முடிவு எதுவாக வந்தாலும் அதற்குப் பிறகு இந்த மாடிப்படி ஏறமாட்டேன்.

10. கடைசியாக ஒன்று. காப்பகத்துக்கு ஒரு தகரப் பெட்டி கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்ததால், நேற்று வாங்கிவந்து, இரண்டு கவுன், ஒரு போர்வை, சோப்பு டப்பா எல்லாம் அடுக்கி வீட்டின் நடுவில் திறந்து வைத்தேன். "இது உன் பெட்டி" என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு எங்கள் சொந்த வீட்டிலேயே, முதல்முறையாக, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு "வேணாம்" என்றாள். அது யாரோ அடுத்தவர் பெட்டி என்று நினைத்துவிட்டாள். ஐயா, அவள் நினைத்தது சரியாகவே இருக்கும்படி செய்யுங்கள்.

தங்கள் ஒரு வரிக்காக மகளுடன் வெளியே பெஞ்சில் காத்திருக்கும்,

(கையொப்பம்)
கோப்பு எண் 417-இன் தாய்

நாள்: 18, வியாழக்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வராந்தா