நீ சன்னலுக்கு வெளியே ஊற்றிய விளக்கெண்ணெய்

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் யாருக்கோ பேதிக்குக் கொடுக்கிறார்கள். காப்பியில் கலந்திருப்பார்கள் போலிருக்கிறது. எதில் கலந்தால்தான் என்ன, விளக்கெண்ணெயின் வாடை சுவரைத் தாண்டி வந்துவிடுகிறது. கையில் இருந்த தையலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், வேலிப் பக்கமாக நின்று, "யாருக்கு, என்ன செய்யுது, எந்தப் பக்கம் வலி?" என்று கேட்டேன். பையன் ஏதோ பழத்தைத் தின்றுவிட்டு வயிறு ஊதிக் கிடக்கிறான், வலி ஒன்றும் இல்லை என்றாள் அந்தப் பெண். சொன்னதோடு நான் விடவில்லை. உள்ளே போய், பையன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அவன் கூச்சம் தாங்காமல் சிரித்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த வரிசை முழுக்க என்னை அதிகப்பிரசங்கி என்றுதான் சொல்கிறார்கள். உன்னோடு ஒரு கப்பலில் வந்தவளை வேறு எப்படிச் சொல்வார்கள்?

கப்பலிலேயே நீ ஆரம்பித்துவிட்டாய். நாம் இருவரும் மிஷன் அனுப்பிய பைபிள் பெண்கள். கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டும் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சில மாதங்களில் ஊர் திரும்ப வேண்டியவர்கள். மேல்தளத்தில் உட்கார்ந்து நான் பாட்டுப் பழகிக்கொண்டிருக்க, நீ கீழே போய்க் கூலி ஜனங்களிடம் கதை கேட்டுக்கொண்டு வந்தாய். மலாயாவுக்குப் போனவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை தெரியுமா என்றாய். அங்கே சோற்றில் மருந்து வைத்துவிடுகிறார்களாம். அதைத் தின்றவனுக்கு ஊர் மறந்துபோகுமாம், பெற்றவள் முகம் மறந்துபோகுமாம். நான் சிரித்தேன். இருபது வருஷமாக இயேசுவைப் பிரசங்கிக்கிறவள் இடுமருந்தை நம்பலாமா என்று கேட்டேன்.

"கர்த்தர நம்புதேன். சமைக்கிறவள எதுக்குட்டி நம்பணும்?" என்றாய்.

நமக்கு இடம் கொடுத்தது இந்த பிரிக்ஃபீல்ட்ஸில்தான், ரயில்வேயில் கிளார்க்காக இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில். அந்த வீட்டம்மாவை முதல் நாளே உனக்குப் பிடிக்கவில்லை. நம்மோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். பரிமாறிவிட்டு ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தேங்காய்ப் பால் விட்டு அவள் வைக்கும் மீன் குழம்பை நான் வழித்துத் தின்பேன். நீயோ ரசத்துக்குக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பாய். நம்மை ஊருக்கு அனுப்பாமல் தங்கள் சபைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்ள நினைக்கிறார்கள் என்பது உன் கணக்கு. எனக்கு அது வெட்கமாக இருந்தது. சாப்பாடு போடுகிறவர்களை இப்படிப் பார்ப்பது பாவம் என்று உன்னோடு சண்டைகூடப் போட்டேன்.

வலி வந்தது கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில். அன்று உபவாச ஜெபம். கூலி லயங்களில் குடியிருந்த பெண்கள் வேலை முடிந்து வந்து குந்தியிருந்தார்கள். காலையிலிருந்தே எனக்குத் தொப்புளைச் சுற்றிப் பிசைந்துகொண்டிருந்தது. வெறும் வயிறுதானே, பசிதான் என்று நினைத்தேன். உபவாசத்தில் பசியைச் சொல்வது கௌரவக் குறைச்சல் இல்லையா? முழங்காலில் நின்றபோது வலி தாங்காமல் முனகினேன். பெண்கள் அதை ஆவியானவரின் அசைவு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் முனக முனக அவர்கள் ஆமென் சொல்லச் சொல்ல, கூட்டம் சூடு பிடித்துவிட்டது. அத்தனை பேரிலும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். முழங்காலாலேயே நகர்ந்து என் பக்கம் வந்தாய்.

"ஏட்டி, நீ இப்படி ஜெபம் பண்ணுத ஆளு இல்லியே. என்ன செய்யுது?"

கூட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மாட்டு வண்டியில் ஏற்றி, ரயில் பிடித்து, என்னை பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தாய். அதற்குள் வலி வலது பக்கம் இறங்கிவிட்டது. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். வீட்டம்மா என்னைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணம் நிறைய விளக்கெண்ணெயைச் சூடாக்கி இஞ்சிச் சாறு விட்டுக் கொண்டுவந்தாள். அந்தக் காலத்தில் வயிற்றுவலிக்கு எந்த வீட்டிலும் அதைத்தானே கொடுப்பார்கள்? என் தாய் இருந்திருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பாள்.

"சுடச்சுடக் குடிச்சுப்போடுங்கோ பிள்ளை. எல்லாம் கழிஞ்சு போயிடும். காலமை சுகமாயிடும்" என்றாள்.

நான் கை நீட்டினேன். நீ அதற்குள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாய். "ஜெபம் பண்ணிக் கொடுக்கணும். கண்ண மூடுங்கம்மா" என்றாய்.

அவள் கண்ணை மூடினாள். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்தியாகக் குனிந்தாள். நீ உரத்த குரலில் ஆரம்பித்தாய். பரலோகத்திலிருக்கிற பிதாவே என்றாய், பாவிகளாகிய எங்களை நினைத்தருளும் என்றாய், இந்த மருந்தை ஆசீர்வதியும் என்றாய். சொல்லிக்கொண்டே இரண்டடி நகர்ந்து, சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அந்த மருந்தை நிதானமாக, சத்தமில்லாமல் ஊற்றினாய். குரல் ஒரு இழைகூட நடுங்கவில்லை. வலியில் கண்ணை மூட முடியாமல் கிடந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வீட்டம்மா மனதாரச் சொன்ன ஆமெனையும் கேட்டேன். கண்ணைத் திறந்தவள் காலிக் கிண்ணத்தைப் பார்த்துத் திருப்தியோடு வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு உன் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவள் போனதும், "வலிக்கு மருந்து கொடுத்தா அதையும் கொட்டுதியே, நான் சாகணுமா?" என்று அழுதேன். நீ என் வாயைப் பொத்தினாய். "அவ கொடுத்த குழம்பாலதான்ட்டி இந்த வலி. அதுக்கு அவளே மருந்து கொடுப்பாளா?" என்றாய். ஒரு முட்டாள்தனத்துக்கு இப்படி ஒரு நியாயமா என்று எனக்குத் தலை சுற்றியது. உனக்கு என் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவளுக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் காய்ச்சல் கொதித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளார்க்கர் ரிக்‌ஷா பிடித்து வந்தார். தோட்டத்துப் பெண்கள் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னதெல்லாம் உனக்கு மனப்பாடம்: போகிறவர்கள் படுத்துக்கொண்டு போகிறார்கள், வருகிறவர்கள் பெட்டியில் வருகிறார்கள். வழியெல்லாம் என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாய். வீட்டம்மா பின்னால் இன்னொரு ரிக்‌ஷாவில் வந்தாள். அவள் எதற்கு வருகிறாள் என்று அதற்கும் ஒரு சந்தேகம் உனக்கு.

வெள்ளைக்கார டாக்டர் வயிற்றைத் தொட்டதும் நான் அலறினேன். அவர் சொன்னதை, அவருக்கு உதவியாக நின்ற டிரெஸ்ஸர் தமிழில் சொன்னார். குடல்வால் பழுத்துவிட்டது, உடனே அறுக்க வேண்டும். பிறகு டாக்டர் முகத்தைச் சுளித்தபடி ஏதோ கேட்டார்.

"பேதிக்கு ஏதாவது கொடுத்தீங்களா?"

"விளக்கெண்ணெய் குடுத்தனான், நேற்று இரவு" என்றாள் வீட்டம்மா. டிரெஸ்ஸர் அதைச் சொன்னதும் டாக்டர் கையிலிருந்த, நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழலை மேசை மேல் வைத்துவிட்டார். ஒரு மனிதர் கைவிடுவதை நான் அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நீ வீட்டம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாய்: "அவ குடிக்கல. நான் சன்னல்ல ஊத்திட்டேன்."

டிரெஸ்ஸர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். டாக்டர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். குடித்திருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும், கத்திக்கு வேலையே இருந்திருக்காது என்றார் டிரெஸ்ஸர். வீட்டம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப அந்த ஜெபம்?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஜெபம் ஜெபந்தான்" என்றாய்.

"நான் என்ன, நஞ்சே கலந்து தந்தனான்?"

உன் சந்தேகம் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட அந்த இடத்தில்தான் அது என்னைக் கொல்லப் பார்த்தது. எனக்குப் பொறுப்பாகக் கூட வந்தவள் என்று, அறுப்பதற்குச் சம்மதம் சொல்ல வேண்டிய ஆள் நீ. சொல்லமாட்டேன் என்றாய். முதலில் நமக்குப் பிடித்ததாக ஒன்றைச் சொல்லி நம்ப வைப்பார்கள், அப்புறம் வெட்டுவார்கள், இவர்கள் வழக்கம் இதுதான் என்றாய். டிரெஸ்ஸர், "தாமதிக்க நேரமில்லம்மா" என்று கெஞ்சினார். அவர் கெஞ்சக் கெஞ்ச உனக்குச் சந்தேகம் முற்றியது. இவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று என் காதில் கேட்டாய். நான் உன் சேலையைப் பிடித்து இழுத்து, எது வேண்டுமானாலும் செய்யட்டும் விடு என்றேன். வலியில் பேசுகிறவள் பேச்சைக் கேட்கமாட்டேன் என்றாய்.

அப்போது வீட்டம்மா எழுந்தாள். ஆண்களை வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்தாள். ஒரு மூலையில் நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கொசுவத்தைத் தளர்த்தி வயிற்றைக் காட்டினாள். தொப்புளுக்குக் கீழே நீளமாக, மேடாக, இன்னும் நிறம் மாறாத ஒரு தழும்பு. உட்கார்ந்தால் அது இழுக்கும் என்றும், அதனால்தான் பரிமாறிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவது என்றும் சொன்னாள். வயிறு அறுத்த பெண் என்று ஊரில் பேசுவார்களே என்று ஒருவரிடமும் சொன்னதில்லையாம்.

"இதே டொக்டர்தான் வெட்டினவர். நான் உயிரோட நிக்கிறன். இன்னும் சந்தேகமோ?"

நீ குனிந்து பார்த்தாய். வெட்கமே இல்லாமல் விரலால் தடவியும் பார்த்தாய். "தழும்பு நெசந்தான்" என்றாய், அதற்கு மேல் ஒன்றையும் ஒப்புக்கொள்ளாமல். பிறகு என் பக்கம் வந்து என் வயிற்றில் கை வைத்தாய். அது பலகை மாதிரி விறைத்திருந்தது.

"எனக்கு இவிய ஒருத்தர் மேலயும் நம்பிக்க இல்ல. ஆனா உன் வயிறு பொய் சொல்லாதுட்டி" என்றாய். திரையை விலக்கி, "செய்யுங்க" என்றாய்.

என்னைத் தள்ளிக்கொண்டு போகுமுன் ஜெபிக்க வேண்டும் என்று கேட்டாய். எல்லோரும் தலை குனிந்தார்கள். வீட்டம்மா மட்டும் கண்ணை மூடவில்லை. நீயும் மூடவில்லை. நீ வாயால் ஜெபிக்க, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே நின்றீர்கள். அந்த வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் பிழைத்தேன். அறுத்த அறையின் கதவில் முதுகைச் சாய்த்து நீ உட்கார்ந்திருந்தாயாம், தாதிப் பெண்கள் உன்னைத் தாண்டித்தான் போய்வந்தார்களாம். பிறகு வீட்டம்மா கொண்டுவந்த கஞ்சியை முதலில் நீ குடித்துப் பார்த்தாய். அடுத்த வேளை அவளே ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் விட்டுக்கொண்டு கிண்ணத்தை நீட்டினாள். அன்றிலிருந்து அவள் கொண்டுவந்த ஒவ்வொரு வேளையும் அப்படித்தான் நடந்தது. இதை மரியாதை என்பதா, பகை என்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கடல் பயணம் தாங்காது என்று டாக்டர் என்னை நிறுத்திவைத்தார். அதற்குள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். நான் தங்கிவிட்டேன். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலேறும்போது நீ அழவில்லை, திட்டினாய். "நான் சொன்னேம்லா, மருந்து குழம்புலதான்ட்டி இருந்துருக்கு" என்றாய். நான் ஊருக்கு வராமல் போனதற்கு, இடையில் இத்தனை வருஷம் ஓடியும், நீ வேறு காரணத்தை ஏற்றுக்கொண்டதே இல்லை. நம் ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும், நான் எதைச் சாப்பிடுகிறேன், யார் சமைக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லி அனுப்புவாய். அவர்கள் வந்து என் அடுப்படியை எட்டிப் பார்ப்பார்கள்.

போன மாதம் வந்து இறங்கியவன் உன் தம்பி மகன். அவனும் அடுப்படியைப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். அவன் பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தை போயிட்டாவ என்றான்.

நான் உட்காரக்கூட இல்லை. எப்படி என்று கேட்டேன். நெஞ்சு அடைக்குது என்றாயாம். வாய்வு என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்களாம். படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். யார் போட்டது, யார் பக்கத்தில் இருந்தது, வலி கைக்கு இறங்கியதா, வியர்த்ததா, டாக்டரைக் கூப்பிட யார் போனது என்று கேட்டுக்கொண்டே போனேன். அவன் மிரண்டுவிட்டான்.

"எதுக்குப் பெரியம்ம இப்படிக் கேக்கிய? எல்லாரும் வீட்டுலதான் இருந்தோம். நம்ம மனுசங்கதானே? அத்த ஒண்ணுமே கேக்கல, கொடுத்தத வாங்கிக் குடிச்சிட்டுப் படுத்துட்டாவ."

அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பேசி அனுப்பினேன். அவன் நல்ல பையன், துக்கமும் நிஜமானதுதான். ஆனால் அவன் சொன்னதை நான் நம்பவில்லை. கிண்ணத்தை வாங்கிச் சன்னலுக்கு வெளியே ஊற்ற ஆளில்லாத அந்த வீட்டில் நான் இல்லாமல் போனேனே என்று, அவன் போன பிறகு வாய்விட்டு அழுதேன். ஒன்றுமே கேட்காமல் நீ குடித்தாயா? நீயா? ஏதாவது கேட்டிருப்பாய். அவர்கள் காதில் விழுந்திருக்காது.