டிசம்பர் 31-இல் விதைக்கவும்

ஜூன் 2

வேலைக்குச் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். யாரும் கவனிக்கவில்லை, எனக்கு அதில் நிம்மதி. வேளாண் அலுவலகத்தின் மாடியில், பழைய கோப்பு அலமாரிக்கும் கழிவறைக்கும் நடுவில் என் மேசை. எப்போது உழுவது, எப்போது விதைப்பது என்று நாலாயிரம் விவசாயிகளின் போனுக்குத் தகவல் அனுப்புகிறேன். எழுபது எழுத்துக்கு மேல் போனால் மெஷின் வெட்டிவிடும். நேரில் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை.

நாலாயிரத்தில் ஒருவர் அப்பா.

நேற்றுச் சாப்பிடும்போது நான் அனுப்பிய தகவலை எனக்கே படித்துக் காட்டினார். "விதையை மருந்துல புரட்டிட்டுப் போடணுமாம். பாரு, படிச்சவன் படிச்சவன்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் பட்டம் வாங்கினே. இந்த மாதிரி நாலு பேருக்குப் பிரயோஜனமா ஒரு வேலை கிடைச்சிருக்கலாம்."

நான் தண்ணீர் குடித்தேன்.

'கம்ப்யூட்டர்ல டைப் பண்றேன்' என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. முழுசாகச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம் யார் பயிர் காய்ந்தாலும் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

ஜூன் 6

மதியம் இந்தப் பருவத்தின் முதல் மழை. ஆபீஸில் எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். நான் மழைமானியைப் பார்க்கப் போனேன். பன்னிரண்டு மில்லிமீட்டர். சந்தோஷப்படலாம், விதைக்க முடியாது.

வீட்டில் அப்பா விதை மூட்டையை இறக்கி வாசலில் வைத்துவிட்டார். இரண்டு மூட்டை நிலக்கடலை. போன வாரம் முழுக்க அம்மாவும் நானும் விரல் நுனி கன்றிப்போக உரித்து, சொத்தை பொறுக்கியது. அரசு விதை டிப்போவில் இந்த வருடம் விதையே இல்லை. ஈரம் போதாமல் போட்டு, முளைத்துக் காய்ந்தால், மறுபடி போட ஒரு பருப்பு கிடையாது. ஒரு வருடம் நிலம் சும்மா கிடக்கும்.

ஜூன் 7

காலையில் யாரும் பார்க்காத நேரத்தில் வயலில் கரண்டியால் தோண்டினேன். நாலு விரல் ஈரம். அதற்குக் கீழே மாவு மாதிரிப் புழுதி.

"அப்பா, அடியில காய்ஞ்சு கிடக்கு. இன்னொரு மழை பார்த்துட்டு..."

"நீ எதுல தோண்டினே?"

"கரண்டில."

அப்பா சிரித்தார். அம்மா, "எந்தக் கரண்டி?" என்றாள்.

"ஆபீஸ்லேர்ந்து தகவல் வரட்டும்மா" என்றார் அப்பா. "அவங்க சொன்னா சரியா இருக்கும்."

சரி. அவங்க சொல்லுவாங்க.

ஜூன் 8

அவங்க எழுதினாங்க: 'ஒரு சாண் ஆழம் ஈரமாகும் வரை நிலக்கடலை விதைக்க வேண்டாம்.' மெஷின் ஏற்கவில்லை. 'விதைப்புத் தேதி' என்ற கட்டம் சிவப்பாக மின்னியது.

தேதி சாரிடம் போனேன். எங்கள் அதிகாரி. டீ வந்தால்கூட எந்தத் தேதிப் பால் என்று கேட்பார் என்பதால் இந்தப் பெயர்.

"தேதி இல்லாம ஒரு தகவலா? போன வருஷம் என்ன போட்டோம்?"

"ஜூன் 12 சார். ஆனா போன வருஷம் மழை..."

"மழைக்கு நாம பொறுப்பில்லம்மா. தேதிக்குத்தான் பொறுப்பு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள போயிடணும்."

தலையாட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

ஜூன் 9

செய்துவிட்டேன். என்ன செய்தேன் என்று இப்போதுதான் புரிகிறது.

ஜூன் 12 போட கை வரவில்லை. அந்தக் கட்டம் ஆபீஸ் பதிவுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். மெஷின் வாயை அடைக்க ஏதோ ஒரு தேதி — வருடத்தின் கடைசித் தேதியாகப் போடுவோம் என்று டிசம்பர் 31 போட்டு அனுப்பினேன். மெஷின் அந்தத் தேதியை எடுத்து முதல் வரியில் வைத்துக்கொண்டு, இடம் போதாமல் என் வாக்கியத்தை வெட்டிவிட்டது. நாலாயிரம் பேருக்குப் போனது இது:

'வேளாண் துறை. நிலக்கடலை விதைப்புத் தேதி டிசம்பர் 31. ஒரு சாண் ஆழம்'

அப்பா மூன்று தடவை படித்தார். "ஒரு சாண் ஆழத்துல விதைக்கணுமாம். டிசம்பர்ல." போனைக் கவிழ்த்து வைத்தார். "ஆபீஸுக்கு என்னமோ ஆயிடுச்சு."

என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? யாராவது நிஜமாவே ஒரு சாண் தோண்டிப் போட்டுட்டா?

ஜூன் 10

தோண்டினார்கள். போடத்தான் இல்லை.

பக்கத்து வயல்காரர், பம்புசெட் மாமா (பம்புசெட் ஓடி ஒன்பது வருடம் ஆகிறது, பெயர் மட்டும் ஓடுகிறது), காலையிலேயே கடப்பாரையோடு அப்பாவைத் தேடி வந்தார். "வாய்யா, உன் ஆபீஸ் அறிவை உனக்குக் காட்டறேன். ஒரு சாண்ல போட்டா அது முளைச்சு வெளிய வர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்." கிண்டலுக்காகச் சரியாக ஒரு சாண் தோண்டினார். கையை உள்ளே விட்டார். கை நிறையப் புழுதி. கிண்டல் அதோடு நின்றது.

இரண்டு பேரும் இன்னும் நாலு இடத்தில் தோண்டினார்கள். எங்கும் அதேதான். அப்பா மூட்டையைத் திரும்ப உள்ளே தூக்கிப் போனார்.

கரண்டிக்குக் கிடைக்காத மரியாதை கடப்பாரைக்கு.

ஆபீஸில் போன் ஓயவில்லை. "யார் போட்டது?" என்றார் தேதி சார். எழுந்து நின்றேன். தபால் பார்க்கும் அக்கா, "பொண்ணு எழுந்து நிக்குது சார், போதாதா?" என்றார். தேதி சார் மெமோ கொடுத்தார். அதில் தேதி சரியாக இருந்தது. திருத்தத் தகவலும் என் கையாலேயே போனது: ஜூன் 12.

சாயங்காலம் அப்பா அதைப் படித்தார். "நேத்து டிசம்பர்ங்கறான், இன்னிக்கு ஜூன்ங்கறான். போடா."

என் துறையை ஒருவர் நம்பாமல் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது.

ஜூன் 12

வெயில்.

ஜூன் 17

வெயில். அப்பா இரண்டு தடவை மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். அம்மா அதன்மேல் ஏறி உட்கார்ந்து காய் நறுக்கினாள்.

ஜூன் 25

எங்கள் பக்கம் இரண்டு தகவலையும் நம்பாமல் அநேகமாக யாரும் விதைக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு ஆபீஸ். அவர்களுக்குத் தகவல் ஒழுங்காகப் போயிருந்தது: ஜூன் 12. பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். முளைத்த வரிசைகள் அப்படியே கருகிக் கிடந்தன. ஒருவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார், சும்மா. இதில் எனக்குப் பெருமைப்பட என்ன இருக்கிறது? நான் ஒன்றும் சொல்லவில்லையே. தப்பாக அனுப்பினேன், அவ்வளவுதான்.

ஜூலை 4

இரண்டு நாளாக மழை. ஒரு சாணுக்கும் கீழே ஈரம். இன்று விதைத்தோம். பம்புசெட் மாமா எங்களுக்கு முன்பே முடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 20

ஆய்வுக் கூட்டம். இந்தப் பருவத்தில் விதை வீணானது எங்கள் பகுதியில்தான் மிகக் குறைவாம். தேதி சாருக்குக் கேடயம். "உரிய நேரத்தில் உரிய தகவல், அதுதான் எங்கள் ரகசியம்" என்று பேசினார். கை தட்டினேன். மெமோவுக்கு இன்னும் பதில் தரவில்லை என்று எனக்கு நினைவூட்டல் வந்திருக்கிறது.

அக்டோபர் 19

காய் பறித்தாயிற்று. நல்ல விளைச்சல். அப்பா ஒரு பை நிறையப் பச்சைக் கடலைக்காய் கட்டினார்.

"உன் ஆபீஸும் அந்தத் தகவல் ஆபீஸும் பக்கத்துலதானே?"

"பக்கத்துலதான்."

"அந்த டிசம்பர்காரன் யாருன்னு கேட்டு இதைக் கொடு. அவன் உளறினதாலதான் நாங்க தோண்டினோம்."

அக்டோபர் 20

கொண்டுபோனேன். டிசம்பர்காரனும் தபால் அக்காவும் மத்தியானம் உரித்துச் சாப்பிட்டார்கள்.

வீடு திரும்பியதும் அப்பா கேட்டார். "கொடுத்தியா?"

"கொடுத்துட்டேன்பா."

"என்ன சொன்னான்?"

"ருசியா இருக்குன்னு..."

அடுக்களையில் அம்மா என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். "ஏண்டி, அந்த ஆளு தின்னுட்டுத் தோலை உன் டப்பாலயா போட்டான்?"

அப்பா என்னைப் பார்த்தார். என் நகத்தில் ஒட்டியிருந்த கடலை மண்ணைப் பார்த்தார். இந்தத் தடவை நான் தண்ணீர் குடிக்கவில்லை.

அக்டோபர் 22

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அப்பா கடப்பாரையோடு வாசலில் நின்றார்.

"அடுத்து உளுந்து போடலாமா? நீ என்ன சொல்றே?"

"தோண்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்பா."

கடப்பாரையை என்னிடம் நீட்டினார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வெளிய யார்கிட்டயும் சொல்லிக்காதே. எல்லாரும் நம்ம வாசல்லதான் வந்து நிப்பாங்க."