வைக்கோல் கொண்டுவந்தவர்

விரோக்வா, விஸ்கான்சின்
டிசம்பர் 3, 1968

அன்புள்ள லோர்னா,

பல்கலைக்கழகத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் உனக்கு மரியாள் வேஷம் என்று தெரிந்ததிலிருந்து உன் அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. தேவாலயத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். மூட்டுவலியோடு நூறு மைல் லாரியில் வரத்தான் அவளால் முடியாது. "என் கண்ணுக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க" என்கிறாள்.

தொழுவக் காட்சிக்கு வைக்கோல் கேட்டிருந்தாயே, பன்னிரண்டு கட்டு நானே ஏற்றி வருகிறேன். பால் கறக்க எதிர்ப்பண்ணை நீல்ஸ் ஒத்துக்கொண்டான். பதினொன்றாம் தேதி மதியம் வந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா

மாணவியர் விடுதி, மேடிசன்
டிசம்பர் 15

அன்புள்ள அப்பா,

நாடகம் முடிந்து நான்கு நாளாகிறது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன்.

கட்டுகளை இறக்கிக்கொண்டே நீங்கள் சீட்டியடித்தீர்கள். மேடைக்குள் யாராவது சீட்டியடித்தால் நாடகம் விளங்காது என்று இங்கே ஒரு நம்பிக்கை. உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பேராசிரியர் பிரண்டிஸ், "யாருய்யா அது? வெளிய போய் மூணு சுத்து சுத்திட்டு, கதவத் தட்டி மன்னிப்புக் கேட்டுட்டு வா!" என்று கத்தினார். அப்படிச் செய்தால் தோஷம் கழியுமாம். விளையாட்டென்று நினைத்து, சாணி பூட்ஸோடு நீங்கள் பனியில் சுற்றினீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அப்பா.

"உனக்குத் தெரிஞ்சவராடி?" என்று கூட நடிக்கும் மார்கோ கேட்டாள்.

"வைக்கோல் கொண்டுவந்தவரு" என்றேன்.

நீங்கள் கதவருகே நின்றிருந்தீர்கள். என்னைக் கூப்பிட வாய் திறந்தவர், மூடிக்கொண்டீர்கள்.

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கை கொடுப்பது வழக்கம். நீங்களும் வரிசையில் வந்தீர்கள். "நல்லா நடிச்சீங்கம்மா" என்றீர்கள். பெற்ற மகளை 'நீங்க' என்று! அப்போதும் நான் "நன்றி சார்" என்றேன். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர எனக்கு முகமில்லை. அம்மாவிடம் சொல்லியிருப்பீர்கள். என்ன சொன்னாள்?

லோர்னா

விரோக்வா
டிசம்பர் 18

அன்பு மகளே,

கடிதத்தைத் தபால்பெட்டி அருகிலேயே நின்று படித்தேன். வலித்தது. இல்லையென்று சொன்னால் அது பொய். அன்று திரும்பும் வழியில் லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வெட்கம்தான். பூட்ஸையாவது மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம்.

உன் அம்மா, நான் வந்ததும் வராததுமாக, "உங்கள எல்லார்கிட்டயும் என்னன்னு சொன்னா?" என்றுதான் கேட்டாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் ஒவ்வொருவரிடமும் "இவருதான் எங்கப்பா" என்று சொன்னாய் என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை. பேராசிரியர் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார் என்றும் சேர்த்துவிட்டேன். அவள் அதைத் தேவாலயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கட்டாயம் வா. இருபத்துமூன்றாம் தேதி பஸ் நிலையத்தில் நிற்பேன். வந்தவுடன் உன்னையும் கேட்பாள். காபி இரண்டு கோப்பை என்று சொல்லியிருக்கிறேன். மாற்றிச் சொல்லிவிடாதே.

அப்பா