வியாழக்கிழமை வீக்லி ஆஃப்

ஆகஸ்ட் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை கிழக்குக் கேலரியில் உட்கார்ந்து என் கண்ணாலேயே பார்த்தேன், நலமாக இல்லை. சொந்த மைதானத்தில் மூன்று கோல்!

நான்கு தடவை போன் செய்தேன். தோற்ற நாளில் போனை அணைத்துவிடுவீர்கள் என்று தெரியும். இந்த மாதம் தோற்காத நாள் எது என்று தெரியாததால் கடிதம் எழுதுகிறேன். கிளப் ஆபீஸ் முகவரிக்கே எழுதுகிறேன். நீங்கள் குடியிருப்பது அங்கேதானே.

அந்த ஒட்டடைக்குச்சிப் பையன், ஆறடி நாலங்குலம் இருப்பவன், அவனை ஏன் ஓரத்தில் ஓடவிடுகிறீர்கள்? கோலுக்கு முன்னால் நிறுத்துங்கள். தலை எதற்கு இருக்கிறது அவனுக்கு?

உங்கள் வீட்டுக்காரி இங்கேதான் இருக்கிறாள். ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு வந்தவள் இரண்டு பெட்டியோடும் பல் செட் தேய்க்கிற அந்தச் சின்ன மோட்டாரோடும் வந்து இறங்கினாள். ஒரு வாரத்துக்கு யாராவது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்களா? இப்போது என் சாப்பாட்டு மேஜையில் ஊரில் உள்ளவர்களுக்கு அவள் செய்துகொடுக்கிற பற்களெல்லாம் என்னைப் பார்த்து இளிக்கின்றன.

அவள் கழுத்தில் ஆபரேஷன் தையலைப் பிரித்துவிட்டார்கள். ரிப்போர்ட் வந்தது, கெட்ட கட்டி இல்லையாம். ஆஸ்பத்திரிப் படிவத்தில் கணவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் நான் போட்டேன். "அவர் வரலையாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். "வெளிநாட்டுல மேட்ச்" என்றேன். "ஆடுறவரா?" "இல்லம்மா, கோச்." "அப்போ அவர் இல்லாமலே ஆடலாமே?" என்றாள். உங்களுக்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
அத்தை


செப்டம்பர் 7
டீம் பஸ்ஸில்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பஸ் குலுங்குகிறது, கையெழுத்தை மன்னியுங்கள்.

எங்கள் மைதானத்தில் பன்னிரண்டாயிரம் பேர் உட்காரலாம். பன்னிரண்டாயிரம் பேரும் எனக்கு ஆட்டம் சொல்லித்தருகிறார்கள். நீங்களும் சேர வேண்டாம் அத்தை, கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று நான்தான் டாக்டரிடம் கேட்டேன். முடியாது என்றார். இந்தக் கிளப் கண்டக் கோப்பைக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை. அக்கம்பக்கத்து நாட்டுச் சாம்பியன்களோடெல்லாம் மோதப்போகிறோம். அதன் தகுதி ஆட்டத்தை எப்படி விட்டுவிட்டு வருவேன்? "நீங்க போங்க, அம்மா இருக்காங்க" என்று அவளே சொன்னாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவையும் கேட்டேன். "போங்கன்னு சொல்றேன்ல" என்றாள். அவள் சொன்னதைத்தான் செய்தேன். இப்போது வீடு மொத்தமும் என்னைக் கூண்டில் ஏற்றுகிறது.

என்னிடம் இருப்பது இருபத்திரண்டு பேர். மூன்று பேருக்குக் காலில் கட்டு. புதன்கிழமை கண்டக் கோப்பை, சனிக்கிழமை லீக். லீக்கில் கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். தூங்கும்போதும் எனக்குப் புள்ளிப் பட்டியல்தான் தெரிகிறது.

அவள் என் போனை எடுப்பதில்லை. நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை


அக்டோபர் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போங்கன்னு சொன்னா போயிடறதா? ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு இதைக்கூட ஒரு அத்தை எழுதித்தான் தெரியவேண்டுமா?

நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். "என்ன கேட்டாரு?" என்றாள். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை மாப்பிள்ளை. "கேட்டதாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

நிற்க. பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டூட்டி சார்ட் போட்டவள் நான். பந்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆள் களைத்துப்போவது தெரியும். புதன்கிழமை இறக்குகிற அதே பதினோரு பேரைச் சனிக்கிழமையும் இறக்குகிறீர்கள். எழுபதாவது நிமிஷம் ஆனால் நடுக்களத்தில் இருப்பவர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். டபுள் டூட்டி பார்த்த டிரைவர் மூன்றாம் நாள் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில்தான் சாத்துவார். அவர் மேல் தப்பு இல்லை, சார்ட் போட்டவர் மேல்தான்.

இருபத்திரண்டு பேருக்கும் ஒரு சார்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மை கண்டக் கோப்பை, நீல மை லீக். இரண்டிலும் வருகிறவர்கள் கீப்பரும் இன்னும் மூன்று பேரும் மட்டும். கடைசி வரிசையில் "கோச்" என்று எழுதி, வியாழக்கிழமைதோறும் வீக்லி ஆஃப் கொடுத்திருக்கிறேன். பதினேழாம் நம்பர் பஸ், நாற்பது நிமிஷம், எங்கள் தெருமுனையிலேயே நிற்கும்.

அத்தை


நவம்பர் 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் சார்ட்டை முதலில் கிழித்துக் குப்பையில் போட்டேன். அடுத்த சனிக்கிழமையும் தோற்றபிறகு குப்பைக்கூடையைத் தேடினேன். நல்லவேளை, துப்புரவு செய்கிற அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க லீவு.

மிச்சத்தைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து தேய்ந்துகொண்டிருந்தவர்கள்தான் புதன்கிழமைகளில் இரண்டு பெரிய கிளப்புகளை மண்ணைக் கவ்வ வைத்தார்கள். ஒட்டடைக்குச்சி தலையால் இரண்டு கோல் போட்டான். (ஆமாம், கோலுக்கு முன்னால்தான் நிறுத்தினேன். போதுமா?) லீக்கில் மட்டும் இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கிறோம். சார்ட்டை உதவிக் கோச் பார்த்துவிட்டு, "யார் சார் போட்டது, வெளிநாட்டு நிபுணரா?" என்றார். "டிப்போ" என்றேன். அப்படி ஒரு கம்பெனி இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையை மட்டும் இப்போதைக்கு அமல்படுத்த முடியவில்லை. டிசம்பர் இடைவேளையில் கட்டாயம் வருகிறேன். அவள் கழுத்துத் தழும்பு ஆறிவிட்டதா? இது நான் கேட்டது. சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


ஜனவரி 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வந்தீர்கள். வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பழங்களோடு வந்தீர்கள். அவளும் மேஜையிலிருந்த பற்களையெல்லாம் துணி போட்டு மூடிவிட்டு உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்சதும் உங்களைத்தான் தேடினேன்" என்று அவள் சொன்னதை அடுப்படியில் இருந்த நானும் கேட்டேன். அதை நான்கூட அதுவரை கேட்டதில்லை.

அப்போதுதான் ஆட்டக்காரர்களைக் கிளப்புக்குப் பேசி முடிக்கிற ஏஜெண்ட் ஒருவர் போன் செய்தார். தோற்றால் அணைந்துபோகிற உங்கள் போன் அன்றைக்கு மட்டும் உயிரோடு இருந்தது. "ஒரே நிமிஷம்" என்று பால்கனிக்குப் போனீர்கள். ஒரு மணி ஐம்பது நிமிஷம். இடைவேளையோடு ஒரு முழு மேட்ச். திரும்பி வந்து, "சரி, எங்க விட்டோம்?" என்றீர்கள்.

"விட்டது விட்டதுதான்" என்று அவள் துணியை எடுத்துவிட்டு மோட்டாரைப் போட்டாள்.

அத்தனை நேரம் பேசி வாங்கப்பார்த்த ரைட் பேக் ஆட்டக்காரன் கடைசியில் வேறு கிளப்புக்குப் போய்விட்டானாமே? பேப்பரில் பார்த்தேன். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அப்படியும் நீங்கள் போனபிறகு உங்களுக்காகப் பேசினேன். "ரெண்டு டூட்டிடி அவருக்கு. ஒண்ணு முடியட்டும், மனுஷன் தானா வருவாரு பாரு" என்றேன். என் பேச்சைக் காப்பாற்றுங்கள்.

அத்தை


மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

கால் இறுதியில் தோற்றுவிட்டோம். இரண்டு ஆட்டமும் சேர்த்து மூன்றுக்கு இரண்டு. கடைசி விசிலுக்குப் பிறகு எதிரணி ரசிகர்களே எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒட்டடைக்குச்சி என் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அவன் உயரத்துக்கு என் தோள் எட்டவில்லை, குனிந்துகொண்டே அழுதான் பாவம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இனிப் புதன்கிழமை ஆட்டம் இல்லை. விமானமும் ஓட்டலும் இல்லை. வருகிற வாரம் முதல் வியாழக்கிழமை என்னுடையது. அவளிடம் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 24

மாப்பிள்ளைக்கு,

ஐந்து வியாழக்கிழமை போய்விட்டன.

முதல் வாரம் கூடுதல் பயிற்சி என்று ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. இரண்டாம் வாரம் வீடியோ பார்க்கவேண்டும் என்றீர்கள். மூன்றாம் வாரம் ராணுவ அணியோடு பயிற்சி ஆட்டம், நீங்களே கேட்டு வாங்கியதாம். நான்காம் வாரமும் ஐந்தாம் வாரமும் தகவலே இல்லை. முதல் வியாழக்கிழமை மட்டும் அவள் மேஜையை ஒதுக்கிவைத்தாள். பிறகு ஒதுக்கவில்லை. நான்தான் பதினேழாம் நம்பர் வருகிறபோதெல்லாம் ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

எங்கள் டிப்போவில் சிலர் உண்டு. ஆஃப் கொடுத்தால் அன்றைக்கும் வந்து ஓய்வறைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். "வீட்டுக்குப் போங்க சார்" என்றால், "போகணும்" என்பார்கள். போகமாட்டார்கள். அவர்கள் விஷயத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. உங்களுக்கு இரண்டு டூட்டி அதிகம் என்று எட்டு மாதமாக என் மகளோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது ஒரு டூட்டிதான். சண்டை போட என்னிடம் வார்த்தை இல்லை.

அத்தை


மே 26

அன்புள்ள அத்தைக்கு,

தப்பித்துவிட்டோம்! நீங்களே பார்த்தீர்களே, எண்பத்தெட்டாவது நிமிஷம் கோல்! பதினாறு அணியில் பதினான்காவது இடம். கோப்பை வாங்கியவர்கள்கூட இப்படிக் கத்தியிருக்கமாட்டார்கள். கேலரியில் நீங்கள் முன்சீட்டுக்காரர் முதுகில் போட்டுத் தட்டியதைப் பார்த்தேன்.

என் மேல் நீங்கள் கோபமாக இருப்பது நியாயம்தான். கீழ்ப் பிரிவுக்கு இறங்கியிருந்தால் கிளப்பில் எண்பது பேருக்கு வேலை போயிருக்கும். துணி துவைக்கிறவர், புல் வெட்டுகிறவர் என்று ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது. ஏப்ரலில் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. இனிமேல் ஆறு வாரம் முழு விடுமுறை. போனை உதவிக் கோச்சிடம் கொடுத்துவிட்டேன், சத்தியமாக. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அவளை அழைத்துக்கொண்டு எங்காவது போகலாம் என்றிருக்கிறேன். முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்.

மாப்பிள்ளை


மே 29

மாப்பிள்ளை என்று எழுதக் கை தானாக வந்துவிட்டது. அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

திங்கட்கிழமை வரவேண்டாம். அவள் இங்கே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே வேறு ஊரில் ஒரு பல் லேபில் சேர்ந்துவிட்டாள். லேபுக்கு மேலேயே ஒரு அறை, வெளிச்சமான ஜன்னல். மோட்டாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்ற விவரம் வக்கீல் எழுதுவார்.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். எண்பது பேர் வேலை பற்றி எழுதியதைக் கேட்டு, "அவர் நல்லவர்தாம்மா, நான் இல்லைன்னு சொன்னேனா?" என்றாள். "ஆறு வாரம் லீவுடி அவருக்கு" என்றேன்.

"லீவுல வர்றவர் எனக்கு வேண்டாம்மா" என்றாள்.

நான் போனை வைக்கப்போனேன். "நீ அவருக்கு எழுதறதை நிறுத்து. உன் கடிதம் போய்க்கிட்டே இருந்தா, எல்லாம் சரியா இருக்குன்னுதான் அவர் நினைச்சுக்கிட்டிருப்பார்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். ஒரு வண்டி வராதபோது ஸ்பேர் வண்டியை அனுப்பிவிடுவோம். பயணிகள் ஏறிப் போய்விடுவார்கள். அசல் வண்டி வழியில் நின்றுபோனது யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் முழுக்க நான் ஓடிக்கொண்டிருந்ததும் அப்படித்தான்.

அதனால் இதற்குப் பதில் எழுதவேண்டாம். எழுதினாலும் பிரிக்கமாட்டேன். பிரிக்காமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த சீசனுக்கும் கிழக்குக் கேலரியில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். நீங்கள் வருவதற்கு முன்னாலிருந்தே அது என் கிளப். கத்துவேன். காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்கவேண்டாம், அது அணிக்கு.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா