நீ காதால் தேர்ந்தெடுத்த கன்வெர்ட்டர்

இன்று காலை உன் அம்மா கொடுத்துவிட்ட பை வந்து சேர்ந்தது. குமாரபாளையத்திலிருந்து நாமக்கல்லுக்கு வந்த உன் மாமா, புதுச்சத்திரம் வரை மெனக்கெட்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். பையைப் பிரித்ததும் தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் லேசான புளித்த வாசம் வந்தது. உங்கள் வீட்டில் தலையணை உறை வரைக்கும் அந்த வாசம் இருக்கும். உள்ளே உன் பழைய லேப்டாப். அதனோடு தீப்பெட்டி அளவில் அந்தக் கறுப்புப் பெட்டி. எந்தத் துளையில் இயர்போனைச் செருக வேண்டும் என்று விரலுக்குத் தெரிவதற்காக நீ ஒட்டிவைத்த நூல் முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நாளாக உனக்கு எழுதாமல் தள்ளிப்போட்டதை இன்று எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பி.எட். விடுதியில் நமக்கு ஒரே அறை. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருத்தியோடு எப்படி இருப்பது என்று முதல் நாள் நான் பயந்தேன். நீயோ செருப்புச் சத்தத்தைக் கேட்டே வருவது நானா வேறு யாராவதா என்று சொன்னாய். பாடங்களை நான் வாசிப்பேன். நீ போனில் பதிவு செய்துகொள்வாய். படிப்பு முடிந்து நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். நீ ஊருக்குப் போய் ஆசிரியர் தேர்வுக்குத் தயாரானாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறி வந்து, வாசித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன்.

உன் அண்ணன் உனக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கித் தந்திருந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க உன்னால் ஆகாது. லினக்ஸில் அது இலவசமாகக் கூடவே வருகிறது என்று யாரோ சொல்ல, யார் உதவியும் இல்லாமல் நீயே அதைப் போட்டாய். அன்று போனில் உன் குரலில் இருந்த பெருமையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "இனிமே ஒருத்தருக்காகவும் காத்துக்கிட்டு இருக்கோணும்னு இல்ல புள்ள," என்றாய்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தபோது லேப்டாப்பின் இயர்போன் துளை கெட்டது. முதலில் ஈ மொய்ப்பது போல ஓர் இரைச்சல். பிறகு ஒரு பக்கம் செத்தது. பிறகு இரண்டும். வீட்டில் பாதியை நான்கு விசைத்தறிகள் அடைத்திருந்தன. அவை ஓடும்போது லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் யாருக்குக் கேட்கும்? உள்ளே இருக்கும் மின்பலகையை மாற்ற ஆகும் செலவுக்கு இன்னொரு பழைய லேப்டாப்பே வாங்கலாம் என்றார் பழுதுபார்ப்பவர். மிச்சமிருந்த வழி, யூ.எஸ்.பி.யில் செருகும் ஓர் ஆடியோ கன்வெர்ட்டர். கணினி அனுப்பும் எண்களை வெளியே வாங்கி ஒலியாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இணையத்தில் பார்த்து, பெரிய பெரிய எண்கள் போட்டிருந்த ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். நீலமாக விளக்கு எரியும் பெட்டி. செருகினோம். உன் கணினி அதை யாரென்றே கேட்கவில்லை. அதற்கான டிரைவர் சி.டி.யில் இருந்தது, அது லினக்ஸுக்கு ஆகாது. நீ பெட்டியைத் தடவிப் பார்த்தாய். "சூடா ஒரு எடம் இருக்குதே, என்னது?" என்றாய். விளக்கு என்றேன். நீ அதை மெதுவாக மேசைமேல் வைத்தாய்.

"கேக்கப் போறது என்னோட காது. நீ எதுக்கு முடிவு பண்ணுன?"

அதை நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். நல்லது செய்ய வந்தவளை இப்படிச் சொல்லிவிட்டாளே என்று இரண்டு வாரம் நான் உன்னைக் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் நீதான் கூப்பிட்டாய். "சேலம் போலாமா? லேப்டாப்பைத் தூக்கிக்கலாம்."

பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை அது. கடைக்காரர் உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அவங்களுக்கு என்ன வேணுமுங்க?" நான் வாயைத் திறக்கவில்லை. நீ சொன்னாய்: "சி.டி. இல்லாம ஓடறது வேணுமுங்க. செருகுனதும் கம்ப்யூட்டருக்குத் தானாத் தெரியோணும். வெலையும் கொறச்சலா இருக்கோணும்." அவர் நான்கை எடுத்து வைத்தார். ஒன்று சி.டி.யோடு வந்ததால் அப்போதே ஒதுங்கிவிட்டது.

மீதி மூன்றில் விலை கூடியதை முதலில் செருகினார். பாட்டுப் போட்டுக் காட்டினார். என் காதுக்கு அது கோயில் மணிபோல இருந்தது. நீ பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, உன் வாசிப்பு மென்பொருளை ஓடவிட்டாய். ஒரு வரி கேட்பாய், நிறுத்துவாய், சற்றுப் பொறுத்து அடுத்த வரி.

"இது வேண்டாமுங்க."

"ஏம்மா, இருக்கறதுலயே நல்ல அயிட்டமுங்க இது."

"சத்தம் இல்லாதப்ப இது தூங்கிப் போயிருதுங்க. மறுபடி முழிக்கறதுக்குள்ள மொதல் ரெண்டெழுத்தை முழுங்கிருது. எழுபதும் ‘பது’ன்னு கேக்குது, அறுபதும் ‘பது’ன்னு கேக்குது. பாட்டுக் கேக்கறவங்களுக்குத் தெரியாது. நான் பரிட்சைக்குப் படிக்கறவ."

அவர் இயர்போனை வாங்கித் தானே கேட்டார். பெட்டியைக் கழற்றினார். அடுத்ததைச் செருகியதும் நீ கேட்டாய்: "ஒரு நிமிசம் ஃபேனை நிறுத்துவீங்களா?" சித்திரை மாத மதியம் அது. அவர் நிறுத்தினார். கடைக்கு வந்திருந்த இன்னும் இரண்டு பேரும் எதுவும் பேசாமல் வியர்வையோடு நின்றார்கள். நீ எதையும் ஓடவிடாமல், இயர்போனை மாட்டிக்கொண்டு வெறும் அமைதியைக் கேட்டாய். அதில் உனக்கு ஒரு முனகல் கேட்டது. கடைசியாகச் செருகியதில் இல்லை. நாலிலும் விலை குறைந்தது அதுதான். விளக்குகூட இல்லை. "இதுதான்," என்றாய். நான் காசை எடுக்கப் போக, என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு உன் பையிலிருந்து கொடுத்தாய்.

அந்த முறை தேர்வில் நீ தேறவில்லை. அடுத்த முறை தேறினாய். குமாரபாளையம் பக்கத்து அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் ஆனாய். வகுப்பில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறார்கள், யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று குரலிலேயே கண்டுபிடித்துவிடுகிறாய் என்று உன் பிள்ளைகள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

ஆறு வருடம். அதன் பிறகு அந்தப் புற்றுநோய்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் அண்ணனையும் என்னையும் வெளியே கூப்பிட்டுப் பேசியதைப் பிறகு உனக்குச் சொன்னேன். ஆனால் உன் அண்ணன் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. இரண்டு மருந்து இருக்கிறது என்றார். ஒன்று நன்றாக வேலை செய்யும். ஆனால் காது நரம்பைக் கெடுக்கலாம், கெட்டால் திரும்பாது. இன்னொன்று காதை அவ்வளவாகத் தொடாது; ஆனால் முதல் மருந்து அளவுக்கு உறுதி சொல்ல முடியாது. உன் அண்ணன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "உசுரு இருந்தாப் போதுமுங்க சார். மொதல்ல சொன்னதையே குடுங்க." என் பக்கம் திரும்பினார். "அவகிட்டக் காதைப் பத்திச் சொல்லிறாத கண்ணு. சொன்னா ஒத்துக்க மாட்டா."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சின்ன வயதிலிருந்து உன்னைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன மனிதர் அவர். அவர் சொன்னது தப்பு என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். நீ கட்டிலில் உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன சொன்னாங்க?" என்றாய். இரண்டு மருந்தையும், காதையும் பற்றி நான் சொல்லிவிட்டேன்.

பிறகு டாக்டரை வரச் சொல்லி நீயே கேட்டாய். எவ்வளவு கேட்காமல் போகும், இரண்டு காதுமா, எத்தனை ஊசிக்குப் பிறகு. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். கடைசியில் நீ சொன்னாய்: "கண்ணு இல்லாமயே பொறந்தேன், அது எனக்குக் கஷ்டமில்லீங்க சார். காதும் போயிட்டா, நான் எங்க இருக்கறேன்னே எனக்குத் தெரியாது. ரெண்டாவது மருந்தையே குடுங்க."

பதினொரு மாதம் இருந்தாய். அதில் பாதி நாள் பள்ளிக்கூடம் போனாய். போக முடியாத நாட்களில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பாடம் ஒப்பித்தார்கள். கடைசி வாரம் மழை பெய்தது. ஓட்டில் விழுவதும் தகரத்தில் விழுவதும் எங்கே பிரிகிறது என்று நீ எனக்குச் சொல்லித் தர முயன்றாய், எனக்குப் பிடிபடவில்லை. நீ சிரித்தாய். மழை பிடிபடாவிட்டாலும், அந்தச் சிரிப்பு என் காதுக்குத் தெளிவாகக் கேட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது உன் அண்ணன் சொன்னார்: "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எந்தங்கச்சி இன்னைக்கு இருந்திருப்பா." அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வழி யாருக்கும் இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவரைக் கூப்பிடுகிறேன். மணி அடித்து ஓய்கிறது.

இதைத்தான் நான் சுமந்துகொண்டிருக்கிறேன். இறக்கி வைக்க இடம் தேடி இதை எழுதவில்லை. அந்த வராந்தாவில் என்னை மறுபடி நிறுத்தினாலும், அந்த மனிதரின் கண்ணீரை மறுபடி பார்த்தாலும், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உன்னிடம்தான் சொல்வேன். இதை உனக்குச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது.