கடைசிக் கம்பு வரை

லேய்ர்மூன், 12 அக்டோபர் 1986

அன்புள்ள டோர்டிஸ்,

பெர்கனில் மழை நின்றதா, இல்லை நீதான் குடையோடு தூங்கப் பழகிவிட்டாயா? உட்கார்ந்து படி. மாடுகளை விற்றுவிட்டேன். அந்தப் பணத்தில் பழைய டிராக்டர் ஒன்றும், முன்னால் மாட்டும் பனிக்கலப்பை ஒன்றும் வாங்கியாகிவிட்டது. கதவில் சிவப்பு எழுத்தில் "குன்வோர் பனி அகற்றல்" என்று நானே எழுதியிருக்கிறேன். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் போனது தனிக்கதை.

கிளைச்சாலைகளுக்கு இந்த வருடம் நகராட்சியின் பனி வண்டி வராதாம். ஏழு வீடுகள் சரி என்றிருக்கின்றன. மண் உறைவதற்குள், பனி மூடினாலும் பாதையின் ஓரம் தெரியும்படி ஒவ்வொரு வாசலிலும் ஓரக்கம்பு நட்டு முடித்தேன். கடையில் ஒருவன், "பொம்பள ஓட்டுனா கம்பு எல்லாம் முதல் நாளே படுத்துரும்" என்றான். "நீ முதல்ல உன் வண்டிய சாக்கடையிலேர்ந்து எடுடா" என்றேன். கடையில் சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது.

ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது, டோர்டிஸ். ஐம்பத்திரண்டு வயதில் இதுவும் கவிழ்ந்தால் எனக்கு வேறொன்றும் இல்லை.

உன் குன்வோர்

பெர்கன், 24 அக்டோபர்

என் அருமைக் குன்வோர்,

மாட்டை விற்றுக் கலப்பை வாங்கியவள் உலகத்தில் நீ ஒருத்திதானடி! எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஒரு உதவி. எட்டாவது வீடாக, அங்கே தனியாக இருக்கும் என் அப்பாவைச் சேர்த்துக்கொள். எழுபத்தெட்டு வயதில், பாதிதான் வேலை செய்யும் இதயத்தோடு, பனி விழுந்தாலே காலைக் காபிக்கு முன்னால் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு பனி தள்ளப் போகிறார். போனில் சொன்னால் ரிசீவரை வைத்துவிடுகிறார். பணம் நான் அனுப்புகிறேன். அவரிடம் விளம்பரத்துக்காக இலவசம் என்று சொல்லிவிடு. வாசற்படி வரை சுத்தமாகத் தள்ளிவிடு, அவருக்கு ஒரு பிடி பனிகூட மிச்சம் வைக்காதே. நானும் இங்கே நிம்மதியாகத் தூங்குவேன்.

அன்புடன், டோர்டிஸ்

லேய்ர்மூன், 7 டிசம்பர்

அன்புள்ள டோர்டிஸ்,

பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. நான் பணக்காரியாகப் போகிறேன். கம்புகளில் இதுவரை சாய்ந்தது இரண்டுதான். பாதிரியாரின் வேலிப் புதரை நான் நசுக்கிவிட்டதாக யாராவது எழுதினால் நம்பாதே.

உன் அப்பா முதல் நாள் படியில் நின்று கத்தினார். "எம் வாசல் எனக்குத் தள்ளத் தெரியும். நீ போய் கையில்லாதவன் வீட்டைப் பாரு!"

"விளம்பரம் மாமா. உங்க வாசலப் பாத்துதான் ஊரே என்னைக் கூப்பிடப் போவுது."

மூன்றாம் நாள் மண்வாரியைக் கதவோரம் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது சமையலறை ஜன்னலிலிருந்து முறைப்பதோடு சரி. நான் ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறேன். எதிர்வீட்டுப் பெட்ராவுக்கும் என்மேல் கோபம். "அவரு பனியத் தள்ளிப் பாதை போட்டு முடிச்சாத்தான் நான் காபிக்குத் தண்ணி வைப்பேன். இனிமே எதப் பாத்து வைக்கிறதாம்?" என்கிறாள். கடிகாரம் வாங்கிக்கொள் என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லையாமே. உன் அப்பாவோ விருந்துக்கென்று இரண்டு பேருக்கு ஆட்டுவிலா வாங்கித் தொங்கவிட்டிருக்கிறார்.

உன் குன்வோர்

லேய்ர்மூன், 15 ஜனவரி 1987

டோர்டிஸ்,

உன் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று நான் எழுதிய கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாய். அதில் தப்பில்லை. ஆனால் என் வாயால் முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வாரம் செவ்வாய் காலை ஆறு மணிக்கு அவர் சமையலறையில் விழுந்திருக்கிறார். ஆறரைக்கு நான் வந்தேன். விளக்கு எரிந்தது. ஜன்னலில் முகம் இல்லை, அடுப்பருகே இருப்பார் என்று நினைத்தேன். படி வரை தள்ளிவிட்டு, ஹார்ன் அடித்துவிட்டுப் போனேன். புதன்கிழமையும் அதேபோல். அவர் இடுப்பு உடைந்து, மேசைவிரிப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த இரண்டு ஹார்னையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். புதன் மதியம் தபால்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்திராவிட்டால் அவ்வளவுதான்.

பெட்ரா அழுகிறாள். "வாசல் சுத்தமா இருந்துச்சு, வெளக்கும் எரிஞ்சுச்சே. அவரு எந்திரிச்சாச்சுன்னே நெனச்சுட்டேன்" என்கிறாள். பனி அப்படியே கிடந்திருந்தால் செவ்வாய் ஏழு மணிக்கே ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருப்பாள். முப்பது வருடமாக அவர்கள் இருவரும் அப்படித்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் அது புரியவில்லை. கடிகாரம் வாங்கச் சொன்னேன்.

டிராக்டரை வாங்க ஆள் வந்திருக்கிறது. கொடுத்துவிடப் போகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

குன்வோர்

லேய்ர்மூன், அப்பா வீடு, 2 பிப்ரவரி

என் குன்வோர்,

தேதிக்கு முன்னால் இருக்கும் இடத்தைப் பார். ஆறு நாளாக இங்கேதான் இருக்கிறேன். உன் வீட்டுப் பக்கம் வரத் தைரியம் வராமல் தபாலில் போடுகிறேன். சிரிக்காதே.

உன்மேல் கோபப்பட்டது எனக்கு வசதியாக இருந்தது. வாசற்படி வரை தள்ளு, ஒரு பிடி மிச்சம் வைக்காதே என்று எழுதியது யார்? நான் வந்து பார்க்க வேண்டியதற்குப் பதில் பணம் அனுப்பினேன். ஆட்டுவிலா இன்னும் நிலவறையில் தொங்குகிறது. அதைப் பார்த்து அழுதேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஈஸ்டருக்கு வீடு திரும்புவார், நானும் அதுவரை இருப்பேன். "என் பாதைய ரெண்டு பேரும் சேந்து புடுங்கிட்டீங்களேடி" என்றார். அப்புறம், "கலப்பைக்காரி என்ன சொல்றா? கம்பு சாஞ்சுதா?" என்று கேட்டார். டிராக்டரை விற்றாயானால் முதலில் அவருக்குப் பதில் சொல்.

நேற்று அவருடைய மண்வாரியை எடுத்துப் படியிலிருந்து கடைசிக் கம்பு வரை பாதை போட்டேன். முதுகு விட்டுப்போயிற்று. பத்து நிமிடத்தில் பெட்ரா கெட்டிலோடு வந்து நின்றாள். "உங்கப்பா இதவிட நேரா போடுவாரு" என்றாள்.

நாளைக்கும் பனி கொட்டும் என்கிறது வானொலி. வா. சாலையைத் தள்ளு, முற்றத்தைத் தள்ளு, கடைசிக் கம்போடு நில். அதற்கு இந்தப் பக்கம் எங்களுடையது. பாதை போட்டிருந்தால் காபி தயார் என்று அர்த்தம். போடாமல் கிடந்தால், ஹார்ன் அடிக்காதே. இறங்கி வந்து கதவைத் தட்டு.

உன் டோர்டிஸ்